எஞ்சினுக்கும் மூச்சு வேண்டும்

விறகடுப்பு எரித்துப் பழகிய வீடுகளில் ஊதாங்குழல் ஒன்று அடுப்பங்கரையில் எப்போதும் சாய்ந்து கிடக்கும். அடுப்புப் புகையத் தொடங்கினால் அம்மா என்ன செய்வார்? மேலும் இரண்டு விறகைச் செருக மாட்டார். செருகினால் புகைதான் மிகும். ஊதாங்குழலை எடுத்து நெருப்பின் அடியில் நான்கு முறை ஊதுவார். புகை அடங்கும், சுவாலை எழும். விறகு அதே விறகுதான். கூடியது காற்று மட்டுமே.

இந்தக் காட்சியை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். இன்று புதிதாக வரும் டீசல் கார், லாரி, பேருந்து ஆகிய ஏறத்தாழ எல்லாவற்றிலும் டர்போசார்ஜர் என்னும் கருவி இருக்கின்றது. அது எஞ்சினுக்கு வாய்த்த ஊதாங்குழல். ஆனால் ஊதுகிறவருக்கு முதலில் நல்ல மூச்சு வேண்டுமல்லவா? டர்போசார்ஜருக்குள் காற்று எவ்வாறு வந்து சேர்கின்றது என்பதைப் பொறுத்தே அது எஞ்சினுக்குச் செய்யும் உதவியும் அமையும். அதைத்தான் இக்கட்டுரையில் காணப்போகின்றோம்.

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு காற்று?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய எவ்வளவு காற்று தேவை என்று வகுப்பில் நான் கேட்பதுண்டு. பத்து லிட்டர் என்பார் ஒரு மாணவர். துணிச்சல் மிக்க இன்னொருவர் நூறு லிட்டர் என்பார். நாம் கணக்கிட்டே பார்த்துவிடுவோம்.

பெட்ரோல் முழுமையாக எரிய, அதன் நிறையைப்போல் ஏறத்தாழ 14.7 மடங்கு நிறையுள்ள காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலின் நிறை சுமார் 0.75 கிலோகிராம். எனவே வேண்டிய காற்று சுமார் 11 கிலோகிராம். கடல் மட்டத்தில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.16 கிலோகிராம். அப்படியானால் நமக்குத் தேவை ஏறத்தாழ 9.5 கனமீட்டர், அதாவது 9,500 லிட்டர்! இரண்டு மீட்டர் நீளமும், இரண்டு மீட்டர் அகலமும், ஆளுயரத்திற்குச் சற்று மேற்பட்ட உயரமும் கொண்ட ஒரு சிற்றறை நிறைந்த காற்று அது.

இவ்வளவு காற்று ஏன்? எரிதலுக்கு உதவுவது ஆக்சிஜன் மட்டுமே. காற்றின் நிறையில் அது ஏறத்தாழ 23 சதவிகிதந்தான். எஞ்சியது பெரும்பாலும் நைட்ரஜன். அது கூட வந்து கூடவே போகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகின்றது. எரிபொருள் நீர்மம், சிறிய பம்பு ஒன்றே அதை வேண்டிய அளவு சிலிண்டருக்குள் செலுத்திவிடும். காற்றோ வாயு. இடத்தை அடைத்துக்கொள்ளும், நிறையோ குறைவு. ஆகவே ஓர் எஞ்சின் எவ்வளவு திறன் தரும் என்பதை முடிவு செய்வது அதற்குள் புகும் எரிபொருள் அன்று. புகும் காற்றின் நிறையே. காற்று போதாதபோது எரிபொருளை மட்டும் கூட்டினால் டீசல் எஞ்சின் கரும்புகை கக்கும். புகையும் அடுப்பில் விறகைத் திணிப்பதற்கு அது சமம்.

குழாய்க்குள் ஒரு புயல்

நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் கீழிறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகின்றது. வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகின்றது. எஞ்சின் காற்றை உறிஞ்சுகின்றது என்று நாம் சொன்னாலும், உண்மையில் வேலை செய்வது வளிமண்டலந்தான். நாம் குழல் வைத்து இளநீர் குடிப்பதும் இப்படியே.

2 லிட்டர் கொள்ளளவுள்ள ஓர் எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழல்வதாகக் கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நிரப்பிக்கொள்ளும். எனவே நிமிடத்திற்கு 1,500 தடவை 2 லிட்டர். அதாவது நொடிக்கு 50 லிட்டர். இக்காற்று 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய் வழியே வந்தால் அதன் வேகம் என்ன? குழாயின் குறுக்குப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். நொடிக்குச் சுமார் 18 மீட்டர். மணிக்கு 64 கிலோமீட்டர்! வானிலைத் துறையினர் 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய சுழற்காற்றுக்கே புயல் என்று பெயரிடுகிறார்கள். ஓடும் எஞ்சினின் மூச்சுக்குழாயில் எப்போதும் ஒரு சிறு புயல் வீசிக்கொண்டிருக்கின்றது என்பதில் மிகையில்லை.

மலையுச்சியில் ஒரு சோதனை

வளிமண்டலமே காற்றை உள்ளே தள்ளுகின்றது என்றோம். அந்த வளிமண்டலமே மெலிந்துபோனால்? முதல் உலகப் போரின்போது விமானிகள் எதிர்கொண்ட கேள்வி இதுதான். மேலே ஏற ஏறக் காற்று அடர்த்தி குறைகின்றது, எஞ்சின் திறனிழக்கின்றது. எவருடைய விமானம் உயரத்திலும் திறன் குன்றாமல் பறக்கிறதோ, அவர் கையே ஓங்கும்.

இதற்கான வழியை சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமையாகப் பதிவு செய்திருந்தார். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையில் வெப்பமும் வேகமும் உண்டு. அதைக்கொண்டு ஒரு டர்பைனைச் சுழற்றலாம். அந்த டர்பைனைக்கொண்டு காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தலாம் என்பதே அவர் கருத்து. போர்க்காலத்தில் பிரான்சில் ஓகுஸ்த் ரத்தோ இதை விமான எஞ்சினுக்குப் பயன்படுத்த முயன்றார். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்ட் மாஸ் இப்பணியில் ஈடுபட்டார்.

தரையில் சோதித்தால் உயரத்தின் விளைவு தெரியாது. விமானத்தில் ஏற்றிச் சோதிப்பதோ ஆபத்து. மாஸ் ஒரு வழி கண்டார். லிபர்ட்டி என்ற 12 சிலிண்டர் விமான எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றினார். கொலராடோ மாநிலத்திலுள்ள பைக்ஸ் பீக் என்னும் மலையுச்சிக்கே கொண்டு சென்றார். உயரம் ஏறத்தாழ 4,300 மீட்டர். ஆண்டு 1918.

கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் தந்த அந்த எஞ்சின், உச்சியில் 230 குதிரைத்திறன் மட்டுமே தந்தது. மூன்றில் ஒரு பங்கு போயிற்று! நம் பாடநூல் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. திட்ட வளிமண்டலக் கணக்கின்படி 4,300 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதைப்போல் 65 சதவிகிதம். எஞ்சினில் எஞ்சிய திறனோ 66 சதவிகிதம். காற்றின் அளவே திறனின் அளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பின்னர் டர்போசார்ஜரை இணைத்து ஓட்டினார்கள். 356 குதிரைத்திறன் கிடைத்தது. மலையுச்சியில் நின்ற எஞ்சின் தான் கடற்கரையில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டது எனலாம்.

1920 பிப்ரவரியில் மேஜர் ஷ்ரோடர் என்ற விமானி, இத்தகைய டர்போசார்ஜர் பொருத்திய லிபர்ட்டி எஞ்சின் விமானத்தில் 10,000 மீட்டருக்கும் மேலே ஏறினார். அங்குக் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் கால் பங்குதான். எஞ்சின் தளராமல் ஓடியது. ஆனால் அவர் சுவாசிக்க வைத்திருந்த ஆக்சிஜன் நின்றுபோயிற்று, கண்கள் குளிரில் உறைந்தன, நினைவிழந்தார். விமானம் பல கிலோமீட்டர் தூரம் தலைகுப்புற வீழ்ந்தது. தரையை நெருங்குமுன் அவர் தெளிந்து, பார்வை மங்கிய நிலையிலும் பத்திரமாக இறக்கினார். எஞ்சினுக்கு மூச்சு கிடைத்துவிட்டது, மனிதனுக்குத்தான் கிடைக்கவில்லை.

ஒரே தண்டில் இரு சக்கரங்கள்

டர்போசார்ஜரின் அமைப்பு எளிது. ஒரு சிறு தண்டு. அதன் ஒரு முனையில் டர்பைன் சக்கரம். மறுமுனையில் கம்ப்ரசர் சக்கரம். எஞ்சினின் சூடான புகை டர்பைனைச் சுழற்றும்போது, தண்டின் மறுபக்கத்தில் கம்ப்ரசரும் சுழல்கின்றது. அதன் நடுவில் நுழையும் காற்று விளிம்பை நோக்கி வீசப்பட்டுப் பெருவேகம் பெறுகின்றது. பின்னர் படிப்படியாக அகலும் பாதையில் செல்லும்போது வேகம் குறைந்து அழுத்தம் கூடுகின்றது. பெர்னூலியின் கொள்கையைப் படித்தவர்களுக்கு இது விளங்கும்.

வேகமோ வியப்பூட்டுவது. கார்களில் உள்ள சிறு டர்போசார்ஜர்கள் நிமிடத்திற்கு ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் சுற்றுகள் வரை சுழலக்கூடியவை. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒன்றரை லட்சம் சுற்றுகள் சுழன்றால் அதன் விளிம்பு நொடிக்கு 390 மீட்டருக்கு மேல் செல்லும். 30 டிகிரி காற்றில் ஒலியின் வேகமே சுமார் 349 மீட்டர்தான்! இத்தகைய சக்கரத்தில் மணல் துகள் ஒன்று மோதினால் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வண்டி நன்றாக இழுக்கும் என்று நம்புவோர் இதை மறக்கக் கூடாது.

அமுக்கினால் சூடு

இனி நாம் காணவேண்டியது அழுத்தத்தோடு சேர்ந்து வரும் ஒரு தொல்லை. சைக்கிளுக்குக் காற்றடித்தபின் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்றின் அடர்த்தியோ குறைவு. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது போன்றது இது.

30 டிகிரியில் உள்ள காற்றை, அதாவது 303 கெல்வினில் உள்ள காற்றை, இரு மடங்கு அழுத்தத்திற்குக் கொண்டு செல்வோம். கம்ப்ரசரின் பயனுறு திறன் 70 சதவிகிதம் எனில், வெளிவரும் காற்றின் வெப்பநிலை ஏறத்தாழ 125 டிகிரி. அதாவது 398 கெல்வின். அழுத்தம் இரு மடங்கானாலும் அடர்த்தி இரு மடங்காகவில்லை. 2 × 303 ÷ 398 = 1.52 மடங்குதான். இரண்டு ரூபாய் கொடுத்து ஒன்றரை ரூபாய்ச் சரக்கு வாங்கியது போலாயிற்று!

எனவே இடையில் இண்டர்கூலர் என்ற குளிர்விப்பானை வைக்கிறார்கள். பார்வைக்கு ரேடியேட்டர் போன்றது. வெளிக்காற்று அதன் மீது படும்போது உள்ளே செல்லும் காற்றின் வெப்பம் குறையும். 125 டிகிரிக் காற்று 60 டிகிரிக்குத் தணிந்தால், அடர்த்தி 2 × 303 ÷ 333 = 1.82 மடங்காக உயரும். அதே எஞ்சின், அதே டர்போசார்ஜர். ஆயினும் காற்று ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது. பெட்ரோல் எஞ்சினில் இதனால் இன்னொரு நன்மையும் உண்டு. சூடான காற்றில் எரிபொருள் காலத்திற்கு முன்பே வெடித்துத் தட்டும் ஓசை எழுப்பும். குளிர்ந்த காற்று அதைத் தடுக்கின்றது.

மூச்சுக்குழாய் அடைபட்டால்

இப்போது நம் முக்கியக் கேள்விக்கு வருவோம். டர்போசார்ஜர்தான் காற்றை அமுக்கித் தள்ளுகிறதே. உள்ளே வரும் வழியில் சிறிது தடை இருந்தால் என்ன? பலர் இவ்வாறே நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது.

முதலாவதாக, டர்போ எஞ்சின் அதிகக் காற்றை இழுக்கின்றது. நாம் முன்பு கணக்கிட்ட எஞ்சினில் அடர்த்தி 1.8 மடங்கானால், வடிகட்டி வழியே வரும் காற்றும் 1.8 மடங்காகும், நொடிக்கு 50 லிட்டருக்குப் பதில் 90 லிட்டர். குழாயில் வேகம் மணிக்கு 115 கிலோமீட்டர். வளைவுகளிலும் குறுகிய இடங்களிலும் ஏற்படும் அழுத்த இழப்பு பெரும்பாலும் வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப மிகுவது. வேகம் 1.8 மடங்கானால் இழப்பு மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

இரண்டாவதாக, கம்ப்ரசர் செய்வது கூட்டல் அன்று, பெருக்கல். தன்னிடம் வரும் அழுத்தத்தை இத்தனை மடங்கு என்று அது பெருக்குகின்றது. 1,000 மில்லிபார் வந்தால் 2,000 ஆக்கும். தூசி படிந்த வடிகட்டி 60 மில்லிபாரை விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்ப்ரசரின் வாயிலில் இருப்பது 940. இரு மடங்காக்கினால் 1,880. வாயிலில் இழந்தது 60. எஞ்சினில் குறைந்தது 120!

60 மில்லிபார் என்பது கற்பனை எண் அன்று. பல கனரக டீசல் எஞ்சின்களில் வடிகட்டியை மாற்றியாக வேண்டிய எல்லை 25 அங்குல நீர் உயரம். அது சுமார் 62 மில்லிபார். காற்றழுத்தம் இவ்வளவு குறைய வேண்டுமானால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் மேலே செல்ல வேண்டும். வடிகட்டியை அடைபட விட்டவர், வண்டியைச் சமவெளியில் ஓட்டிக்கொண்டே எஞ்சினை மட்டும் மலைமேல் ஏற்றி வைத்தவராகின்றார்.

எஞ்சின் இதைச் சும்மா விட்டுவிடாது. குறைந்த அழுத்தத்தை ஈடுகட்டி 2,000 மில்லிபாரை எட்ட, டர்போசார்ஜர் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். பெருக்கம் 2 என்பது 2.13 ஆகும், வெளிவரும் காற்று 125 டிகிரிக்குப் பதில் 134 டிகிரியில் இருக்கும். டர்பைனை வேகமாகச் சுழற்றப் புகையின் எதிரழுத்தமும் கூட வேண்டும். பிஸ்டன் அப்புகையைத் தள்ள அதிகம் உழைக்க வேண்டும். டர்போசார்ஜர் வீணாகும் சக்தியில் இயங்குவது உண்மையே. ஆயினும் அது முற்றிலும் இலவசம் அன்று. அந்தச் செலவை எரிபொருளாகவே நாம் கட்டுகின்றோம்.

ஒரு ரப்பர் குழாயின் கதை

என்னிடம் முன்பு படித்த மாணவர் ஒருவர் சரக்கு வேன் வைத்துத் தொழில் செய்கிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் முகம் வாடியிருந்தது. "சார், வண்டி மேட்டில் இழுக்கவே மாட்டேன் என்கிறது. பின்னால் ஒரே கரும்புகை. டர்போ போய்விட்டது என்றார்கள். கடன் வாங்கிப் புது டர்போ போட்டேன். இப்போதும் அதே கதைதான்" என்றார்.

வேறொரு பட்டறையிலிருந்த வயதான மெக்கானிக் ஒருவர்தான் காரணத்தைக் கண்டுபிடித்தார். இண்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பு. நிறுத்திய வண்டியில் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டபோது ஓசையே இல்லை. அந்நிலையில் டர்போசார்ஜர் அழுத்தம் எதுவும் தருவதில்லை. வெடிப்பு மூடியே கிடந்தது. சுமையோடு மேடேறும்போதுதான் குழாய் உப்பி, வெடிப்பு வாய் திறந்து, அமுக்கிய காற்று வெளியே ஓடியது. எரிபொருள் வழக்கம்போல் சென்றது, காற்று செல்லவில்லை. ஆகவே கரும்புகை.

குழாயின் விலை டர்போசார்ஜரின் விலையில் ஒரு சிறு பகுதிதான். "இதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தக் கடன் இருந்திருக்காதே சார்" என்று அவர் சொன்னபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. அழுத்தம், அடர்த்தி, பாய்வு எல்லாம் அவர் என் வகுப்பில் படித்தவைதாம். தேர்வுத்தாளில் எழுதிய அப்பாடம் சாலையில் கைகொடுக்கும் வகையில் நான் சொல்லிக்கொடுக்கவில்லை என்றே தோன்றியது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுதான்.

குறைந்தாலும் குற்றம், மிகுந்தாலும் குற்றம்

டர்போசார்ஜருக்கே உரிய வேறு சில குணங்களும் உண்டு. நீங்கள் ஆக்சிலரேட்டரை மிதித்த உடனே திறன் வருவதில்லை. முதலில் புகை மிக வேண்டும். பிறகு டர்பைன் வேகம் பெற வேண்டும். அதன்பின்தான் காற்று கூடும். இந்தத் தாமதத்தைக் குறைக்கச் சக்கரங்களைச் சிறியனவாக்கலாம். ஆனால் சிறு சக்கரம் எஞ்சின் வேகமாக ஓடும்போது வேண்டிய காற்றைத் தராது. எனவே பல டீசல் எஞ்சின்களில் டர்பைனைச் சுற்றி அசையும் இதழ்களை வைத்திருக்கிறார்கள். புகை குறைவாக வரும்போது இதழ்கள் வழியைச் சுருக்கி அதன் வேகத்தைக் கூட்டும். புகை மிகும்போது விரிந்து வழிவிடும். வேறு பல எஞ்சின்களில், அழுத்தம் எல்லை மீறும்போது புகையின் ஒரு பகுதியை டர்பைனுக்குச் செல்லாமல் திருப்பிவிடும் கதவு ஒன்று உண்டு.

கம்ப்ரசரின் வழியே செல்லும் காற்று திடீரெனக் குறைந்து, அழுத்தம் மட்டும் உயர்ந்தே இருந்தால், முன்னே சென்ற காற்று சக்கரத்தின் வழியே பின்னோக்கிப் பாயும்; மறுபடி முன்னே செல்லும்; மறுபடி திரும்பும். விக்கல் எடுப்பது போன்ற இந்த நிலை நீடித்தால் தண்டும் அதைத் தாங்கும் எண்ணெய்ப் படலமும் கெடும். வரும் வழி அடைபடுவது கம்ப்ரசரை இந்த நிலைக்கு அருகே தள்ளிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது

காற்று வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்றுங்கள். தூசி நிறைந்த சாலைகளில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்றுங்கள். வடிகட்டிக்குப் பின்னுள்ள இணைப்புகள் இறுக்கமாக உள்ளனவா என்று பாருங்கள். அங்குள்ள சிறு இடைவெளி வடிகட்டாத தூசியை உள்ளே விடும். இண்டர்கூலரின் முகத்தில் படிந்த சேற்றைக் கழுவுங்கள். வண்டி கரும்புகை கக்கினால், எந்த உறுப்பையும் விலைகொடுத்து மாற்றுமுன், காற்று வரும் வழி முழுவதையும் முதலில் சோதிக்கச் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. காற்று இழுக்கும் குழாயின் வாய் எஞ்சினின் சூட்டருகே இருந்து, 30 டிகிரிக்குப் பதில் 50 டிகிரிக் காற்று உள்ளே வருகின்றது. அழுத்தப் பெருக்கம் 2, கம்ப்ரசரின் பயனுறு திறன் 70 சதவிகிதம், இண்டர்கூலர் இல்லை. வெளிவரும் காற்றின் அடர்த்தி, 30 டிகிரி வெளிக்காற்றைப்போல் எத்தனை மடங்கு? நாம் முன்பு கண்ட 1.52 மடங்கு 1.43 ஆகக் குறைவதைக் காண்பீர்கள். இருபது டிகிரி வேறுபாட்டுக்கு ஆறு சதவிகிதக் காற்று போயிற்று. கார்களில் காற்றிழுக்கும் வாயை எஞ்சினை விட்டு விலக்கி முன்பக்கத்தில் ஏன் வைக்கிறார்கள் என்பதற்கு விடையும் அதிலேயே இருக்கின்றது.